மைக் கொடுத்தோம், கணினி கொடுத்தோமா?

மஸ்ஜித் இந்தியா வீதியில் சனிக்கிழமை மாலை நடப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. துணிக்கடை ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு, நாலடி தள்ளி இன்னொரு பாட்டு. இரண்டுக்கும் நடுவே, சிறிய ஒலிபெருக்கி ஒன்றை வைத்துக்கொண்டு பாடும் பார்வையற்ற பாடகர். குரல் நன்றாக இருந்தால் ஒரு நிமிடம் நிற்போம். ஒரு ரிங்கிட்டைப் போட்டுவிட்டு நகர்வோம். அவர் குரலுக்குப் பின்னால் ஒலிக்கும் இசையையும் அவரே செய்திருக்கலாம் என்று நமக்குத் தோன்றுவதில்லை.

திரையுலகிலும் இதே கதைதான். 2004இல் ‘ஆட்டோகிராப்’ படத்தில் தம் குழுவோடு தோன்றிய கோமகன், ஒற்றைத் தந்தி காயத்ரி வீணை வாசிக்கும் வைக்கம் விஜயலட்சுமி, 2020இல் ‘சீறு’ படத்தில் பாடிய திருமூர்த்தி என்று பார்வையற்ற கலைஞர்களுக்கு மைக் கொடுத்திருக்கிறோம். நல்லதுதான். ஆனால் பாடி முடித்த பிறகு அந்தக் குரலை வெட்டி ஒட்டி, தாளத்தோடு பொருத்தி, ஒலியளவைச் சரிசெய்யும் வேலை ஒன்று இருக்கிறதே, அதற்குக் கண்ணைவிடக் காதுதான் முக்கியம். அந்த நாற்காலிக்கு மட்டும் அவர்களை யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டாலும் பயனில்லை என்பதுதான் பெரிய சங்கடம். பெரும்பாலான பதிவறைகளில் உள்ள கணினி அவர்களோடு பேசாது.

எஸ்பிஎம் முடிந்த கையோடு இசை பழக நினைக்கும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “விண்டோஸ் வாங்கலாமா, மேக் வாங்கலாமா?” என்பது. விலையையும் நண்பன் வைத்திருப்பதையும் பார்த்துப் பதில் சொல்லிவிடுகிறோம். இசை வகுப்பு நடத்துபவர்களும் அப்படியே. அந்தக் கணினியில் பார்வையற்ற ஒருவர் தனியாக உட்கார்ந்து ஒரு பாட்டை முடிக்க முடியுமா என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. கேட்டால், நாம் வாங்கும் பொருள் மாறும். செலவு கூடும் என்று பயப்பட வேண்டாம்; பல நேரம் குறையும்.

பார்வையற்றவர் கணினியைத் திரைவாசிப்பான் என்ற மென்பொருள் வழியாகக் கையாள்கிறார். எந்தப் பொத்தானில் இருக்கிறோம், அது அழுத்தப்பட்டிருக்கிறதா, ஒலியளவு எவ்வளவு என்பதையெல்லாம் அது வாய்விட்டுச் சொல்லும். ஆனால் ஒவ்வொரு பொத்தானும் தன் பெயரையும் நிலையையும் இயங்குதளத்துக்குத் தெரிவித்தால்தான் அதனால் சொல்ல முடியும். இசை மென்பொருள்கள் பல, அழகுக்காகத் தங்கள் திரையைத் தாங்களே ஓவியம்போல் வரைந்துகொள்கின்றன. பெயர் ஒட்டாத டப்பாக்களை அடுக்கிய சமையலறை மாதிரி. உள்ளே எல்லாம் இருக்கும். எது மிளகு, எது சீரகம் என்று தெரியாது.

2006இல் யோகி பி, நட்சத்திரா குழுவின் ‘வல்லவன்’ வந்தபின் இங்கே தமிழ் ராப் பாட ஆசைப்பட்ட பிள்ளைகளுக்குக் கணக்கில்லை. படுக்கையறையிலேயே தாளம் அமைக்கும் அந்தத் தலைமுறை பலருக்கும் பழகிய மென்பொருள் எஃப்எல் ஸ்டுடியோ. கண் உள்ளவருக்கு எளிது, வேகமானது. திரைவாசிப்பானுக்கோ அதன் திரையில் பெரும்பகுதி வெற்றுச் சுவர்.

மேக் பக்கம் ஒரு நியாயம் உண்டு. 2002இல் ஜெர்மனியின் இமாஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியது. அதன் லாஜிக் மென்பொருளின் விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. அதை நம்பியிருந்த விண்டோஸ்காரர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். ஆனால் 2005இல் அதே ஆப்பிள், வாய்ஸ்ஓவர் என்ற திரைவாசிப்பானை இயங்குதளத்துக்குள்ளேயே வைத்துக் கொடுத்தது. இன்று லாஜிக்கும், இலவசமாக வரும் கராஜ்பேண்டும் வாய்ஸ்ஓவரோடு ஒத்துப்போகின்றன. பெட்டியைத் திறந்த அன்றே வேலை தொடங்கலாம். தடை விலைதான். நம் குடும்பங்கள் பலவற்றில் அந்தப் பணம் அண்ணனின் கல்லூரிக் கட்டணம்.

விண்டோஸின் கதை எனக்கு இன்னும் பிடித்தது. பல ஆண்டுகள் அங்கே கோலோச்சிய திரைவாசிப்பான் ஜாஸ். கணினியின் விலைக்கே போட்டி போடும் விலை அதற்கு. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற சிறுவர்களுக்கான இசை முகாம் ஒன்றில் சந்தித்துக்கொண்ட மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே இருவரும் வளர்ந்தபின் இதற்கு முடிவு கட்டினார்கள். 2006இல் கரன் தொடங்க, டே சேர்ந்துகொள்ள, உருவானது என்விடிஏ. இலவசம், எவரும் பதிவிறக்கலாம். ஜேம்ஸ் டே அதோடு நிற்கவில்லை. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளைத் திரைவாசிப்பானோடு பேச வைக்கும் ஓசாரா என்ற இணைப்பையும் எழுதத் தொடங்கினார். அதுவும் இலவசம். வாத்தியங்களையும் எதிரொலி போன்ற விளைவுகளையும் சேர்க்கும் துணைமென்பொருள்கள் ஓவியத் திரையோடு வந்தாலும், அவற்றின் அளவுகளை ஒரு பட்டியலாக விரித்து விசைப்பலகையாலேயே மாற்ற வழி செய்கிறது. ரீப்பரை 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 அமெரிக்க டாலர். களவாக உடைத்த மென்பொருளைப் பென்டிரைவில் வாங்கிக் கணினிக்கு நோய் ஏற்றிக்கொள்வதைவிட இது மலிவு.

ஒரு நடைமுறைச் சிக்கலைச் சொல்லிவிட வேண்டும். விண்டோஸில் ஒலிப்பதிவுக்காரர்கள் ஆசியோ என்ற வழியைப் பயன்படுத்துவார்கள். வாசிப்பதற்கும் கேட்பதற்கும் இடையிலான தாமதம் அதில் மிகக் குறைவு. சில கருவிகளில் அந்த வழி ஒலி அட்டையை முழுதாகப் பிடித்துக்கொள்ளும், திரைவாசிப்பான் ஊமையாகிவிடும். பார்வையற்றவருக்கு அது திரை அணைந்த மாதிரி. இசையை வெளிக் கருவிக்கும், பேச்சை மடிக்கணினியின் சொந்த ஒலிபெருக்கிக்கும் பிரித்துவிட்டால் தீர்ந்தது. கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார்.

லினக்ஸில் ஓர்கா என்ற திரைவாசிப்பானும் ஆர்டர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளும் உண்டு. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு வழக்கமான ஆதரவு முடிந்ததால் பழைய கணினிகளை லினக்ஸுக்கு மாற்றுகிறவர்கள் அதிகம். கைவசம் உதவ ஆள் இருந்தால் சரி. முதல் பாட்டையே இன்னும் முடிக்காத பிள்ளையை அங்கே அனுப்பமாட்டேன்.

தமிழ் எப்படி? பாடல் வரிகளையும் கோப்புப் பெயர்களையும் தமிழில் வைத்தால் கணினி வாசிக்குமா? வாசிக்கும். என்விடிஏவோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. இயந்திரம் பேசுவதுபோல்தான் இருக்கும், பழகிவிடும். ஆப்பிளிலும் தமிழ்க் குரல் உண்டு. மைக்ரோசாப்ட் குரல் பட்டியலில் மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என இரண்டு குரல்கள் இருக்கின்றன. எட்ஜ் உலாவியில் கேட்டுப் பாருங்கள். மேக்கில் தமிழ் தட்டச்சு செய்யக் கிடைக்கும் அஞ்சல் விசைமுகம் நம் நாட்டு முத்து நெடுமாறன் வடிவமைத்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

இதெல்லாம் யாருக்காக? 1951இல் தொடங்கிய மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை அந்த வட்டாரத்தில் தினமும் பார்க்கிறோம். ஒரு காலத்தில் அவர்களுக்குக் கிடைத்த வேலைகளில் ஒன்று தொலைபேசி இணைப்பாளர் பணி. இன்று அந்த நாற்காலியில் இயந்திரம் அமர்ந்துவிட்டது. உடம்பு பிடிக்கும் தொழில் மிஞ்சியிருக்கிறது. இன்னொரு பக்கம் வானொலி விளம்பரம், குறும்படம், வலையொலி, கல்யாண வீடியோ என்று ஒலித் தொகுப்புக்கு ஆள் தேவைப்படும் இடங்கள் பெருகுகின்றன. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் தகவல் தொழில்நுட்பத்தை அணுகும் உரிமையைப் பேசுகிறது. கொடுக்காதவருக்குத் தண்டனை எதையும் சொல்லவில்லை. ஆகவே சட்டத்தைக் காட்டி யாரையும் மிரட்ட முடியாது. கேட்டுத்தான் பெற வேண்டும்.

யாரிடம் கேட்பது என்றால், பக்கத்தில் இருப்பவர்களிடம். கோயில் மண்டபத்தில் கீபோர்டு வகுப்பு நடத்துபவர், வீட்டில் பதிவறை வைத்திருக்கும் அண்ணன், கல்லூரி இசைக் கழகம். கையிலிருக்கும் ஒரே ஒரு விண்டோஸ் மடிக்கணினியில் என்விடிஏ, ரீப்பர், ஓசாரா மூன்றையும் ஏற்ற ஒரு பிற்பகல் போதும். புதிதாக வாங்குபவர்கள் லோ யாட் கடையிலேயே சோதிக்கலாம்: விண்டோஸில் கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அதன் உள்ளமைந்த திரைவாசிப்பான் பேசத் தொடங்கும், மேக்கில் கமாண்டும் எஃப்5உம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, ஒலிப்பதிவு மென்பொருளைத் திறந்து, ஒரு தடத்தைச் சேர்த்து, நாலு வரி பாடிப் பதிந்து, திரும்பக் கேட்டுப் பாருங்கள். விற்பனையாளர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்த்துவிட்டுப் போகட்டும்.