தையல்காரிக்குத் தையல் பாடமா?

சமீப காலமாக மேல்நாட்டு வாலிபர்கள் ஆப்பிரிக்காவுக்குப் போய், அங்குள்ள பெண்களுக்குத் தையல் வேலை கற்றுக் கொடுத்துவிட்டு வருவது ஒரு பெரிய தொண்டாகக் கருதப்பட்டு வருகிறது. இதற்கென்றே கம்பெனிகள் ஏற்பட்டு, போகிறவர்களிடமே பணத்தை வாங்கிக் கொண்டு, இரண்டு வாரமோ ஒரு மாதமோ தொண்டு செய்வதற்கு ஏற்பாடு செய்து கொடுக்கின்றன. நம்மவர்கள் காசிக்குப் போய்ச் செம்பு கொண்டு வருவது போல், அவர்கள் படம் எடுத்துக் கொண்டு வருகிறார்கள்.

பிறருக்கு உதவ வேண்டும் என்கின்ற எண்ணத்தை நாம் குறை கூறவில்லை. பெண்கள் கையில் ஒரு தொழிலும், அத்தொழிலின் வரும்படியும் இருந்தாலொழிய அவர்களுக்கு விடுதலை இல்லை என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் யார், யாருக்கு, எதைக் கற்றுக் கொடுக்கிறார்கள் என்பதைக் கொஞ்சம் பகுத்தறிவைக் கொண்டு பார்க்க வேண்டாமா?

கானா தேசத்தையே எடுத்துக் கொள்ளுவோம். அங்கு தெருவுக்குத் தெரு தையல்காரிகளின் சிறு கடைகள் இருக்கின்றன. ஒரு பெண் தையல்காரியாக வேண்டுமானால், தேர்ந்த ஒருத்தியிடம் பணம் கட்டிச் சேர்ந்து, இரண்டு மூன்று வருஷம் எடுபிடி வேலை முதல் துணி வெட்டுவது வரை பழகித்தான் வெளியே வருகிறாள். "காபா" என்னும் மேல்சட்டையை, டேப்பால் அளந்தவுடன், காகித மாதிரிகூட இல்லாமல் துணியிலேயே நேராகக் கத்திரி வைத்து வெட்டுகிறவர்கள் அங்கே உண்டு. காஜா எடுக்கத் தெரியாத ஒரு கல்லூரி மாணவர் இரண்டு வாரத்தில் இவர்களுக்கு எதைக் கற்றுக் கொடுக்கப் போகிறார்? இவர்களுக்குச் சம்பளம் கொடுத்துக் கற்றுக் கொண்டு வருவதாய்ச் சொன்னாலாவது அதில் அர்த்தம் உண்டு.

நிற்க, இந்தத் தையல்காரியின் பெருங்கஷ்டம் தைக்கத் தெரியாததல்ல. தைத்ததை வாங்க ஆள் போதாததேயாகும். அதன் காரணங்களில் ஒன்றைப் பார்க்க வேண்டுமானால் அக்ரா பட்டணத்தில் காண்டமாண்டோ என்கின்ற சந்தைக்குப் போக வேண்டும். இங்கிலாந்து முதலிய தேசத்தார் உடுத்திக் கழித்த துணிகள் அங்கு மூட்டை மூட்டையாய் வந்து இறங்குகின்றன. அவ்வூரார் அதற்கு வைத்த பெயர் "ஓப்ரோனி வாவு", அதாவது செத்த வெள்ளைக்காரனின் துணி என்பதாகும். ஒரு மூட்டை சுமார் 55 கிலோ. வடபகுதியிலிருந்து பிழைக்க வந்த பெண்கள் அதைத் தலையில் சுமக்கிறார்கள். அந்தச் சந்தையால் ஆயிரக்கணக்கானவர்கள் பிழைக்கிறார்கள் என்பதும், கழிந்த துணியைப் பிரித்து, சாயமேற்றி, புதுச் சட்டையாக்கும் கெட்டிக்காரர்கள் அங்கே இருக்கிறார்கள் என்பதும் மெய்யே. ஆனால் மூட்டை அனுப்பும் தேசத்திலிருந்தே தையல் வாத்தியாரும் வருகிறார் என்பதுதான் வேடிக்கை. வாத்தியார் விடுமுறையில் வருகிறார். மூட்டை வருஷம் முழுவதும் வருகிறது!

சரி, மூட்டையை நிறுத்தினால் என்ன ஆகும்? கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் 2016-ல் கூடி, பழந்துணி இறக்குமதியை 2019-க்குள் ஒழிப்பதென்று தீர்மானித்தார்கள். ருவாண்டா சர்க்கார் கிலோவுக்கு 20 சென்ட்டாயிருந்த வரியை இரண்டரை டாலராக உயர்த்தியது. உடனே அமெரிக்கப் பழந்துணி வியாபாரிகள் தங்கள் சர்க்காரிடம் முறையிட்டார்கள். மற்ற நாடுகள் பின்வாங்கின. பின்வாங்காத ருவாண்டாவின் ஆடைகளுக்கு அமெரிக்காவில் இருந்த வரிச்சலுகை 2018-ல் நிறுத்தப்பட்டது. தைத்துப் பிழைத்துக் கொள் என்று ஒரு கை ஊசியைக் கொடுக்க, தைத்ததை இங்கே கொண்டு வராதே என்று மற்றொரு கை கதவைச் சாத்துகிறது. இதற்குப் பெயர் தொண்டா?

வெளியூரார் வந்து கற்றுக் கொடுப்பதே தப்பு என்பதல்ல நமது வாதம். 1961-ல் இதே கானாவுக்கு அமெரிக்க சமாதானப் படையின் முதல் கூட்டத்தார் பள்ளிக்கூட உபாத்தியாயர்களாக வந்தார்கள். அந்நாட்டு சர்க்கார் கேட்டு வந்தார்கள். இரண்டு வருஷம் இருப்பதென்று வந்தார்கள்.

இப்பொழுது போக விரும்புகிறவர்களும் முதலில் அந்தத் தையல்காரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கேட்கட்டும். மெஷின் ரிப்பேர் தெரிந்தவர் யாராவது இருந்தால் அனுப்புங்கள் என்று அவள் எழுதலாம். உங்கள் விமானச் செலவுப் பணத்தில் எனக்கு ஒரு மெஷின் வாங்கிக் கொடுங்கள் என்று எழுதலாம். ஒன்றும் வேண்டாம், மூட்டையை மாத்திரம் நிறுத்தச் சொல்லுங்கள் என்றும் எழுதலாம். அப்படி எழுதிவிட்டால் ஆகாய விமானம் ஏற வேண்டிய அவசியமே இல்லை. தங்கள் ஊர்ச் சட்டசபை மெம்பர் வீட்டுக்கு நடந்து போனால் போதும்.