ஒற்றர் வேலைக்கும் உண்மைதான் தகுதி



2024 தீபாவளிக்கு ‘அமரன்’ படம் வந்தாலும் வந்தது, நம் ஹாஸ்டலில் பாதிப் பேர் மனசுக்குள் யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டார்கள். மெஸ்ஸில் தட்டோடு உட்கார்ந்தால் இதே பேச்சுதான். அதிலும் சிலர் ஒரு படி மேலே போய், “சாதா ஆபீசர் வேணாம் மாப்ள, மிலிட்டரி இன்டெலிஜென்ஸ்தான் கெத்து. கறுப்புக் கண்ணாடி, கையில பெட்டி, ஊர் ஊரா சுத்தலாம்” என்கிறார்கள். கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பேச்சில் மூன்று தவறுகள் இருக்கின்றன. அவற்றைச் சொல்லவும், நான் செய்த ஒரு தவறைச் சொல்லவும்தான் இந்தக் கட்டுரை.

முதல் தவறு, ‘இன்டெலிஜென்ஸ் ஆபீசர்’ வேலைக்கு என்று தனியாக ஒரு பரீட்சை இருப்பதாக நினைப்பது. நம் ராணுவத்தில் அப்படி ஒன்று இல்லை. எல்லோரும் போகிற வழியிலேதான் போக வேண்டும். எழுத்துத் தேர்வு, எஸ்.எஸ்.பி. என்ற ஐந்து நாள் தேர்வு, மருத்துவப் பரிசோதனை, அப்புறம் அகாடமி. பயிற்சி முடியும் காலத்தில்தான் எந்தப் பிரிவு என்பது முடிவாகும். நம் விருப்பம், நம் தரவரிசை, காலியிடம் மூன்றையும் பார்த்து ஒதுக்குவார்கள். உளவுப் படைப்பிரிவு கிடைத்தவர்களுக்கு புனேயில் ராணுவ உளவுப் பயிற்சிப் பள்ளி இருக்கிறது. ஆகவே முதலில் நல்ல ராணுவ அதிகாரி, அதற்குப் பிறகுதான் உளவு அதிகாரி.

இரண்டாவது தவறு, “டிப்ளமோ படிச்சவனுக்கு இதெல்லாம் எங்கடா?” என்று கையை விரித்துவிடுவது. வழி இருக்கிறது நண்பர்களே, யாரும் நமக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான். என்னைப் போல பிளஸ் டூ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் என்.டி.ஏ. எழுதலாம். வயது பதினாறரைக்கும் பத்தொன்பதரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். யு.பி.எஸ்.சி. இதை வருடத்துக்கு இரண்டு முறை நடத்துகிறது. கணக்குக்கு 300 மார்க், பொது அறிவுக்கும் ஆங்கிலத்துக்கும் சேர்த்து 600, எஸ்.எஸ்.பி.க்கு 900. மொத்த மார்க்கில் சரிபாதி அந்த ஐந்து நாளில்தான் இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். பத்தாவது முடித்து வந்தவர்கள் டிப்ளமோவுக்குப் பின் லேட்டரல் என்ட்ரியில் பி.இ. இரண்டாம் வருடம் சேர்ந்து, சி.டி.எஸ். எழுதலாம். பொறியியல் பட்டதாரிகளுக்கு எழுத்துத் தேர்வே இல்லாமல், மார்க்கை வைத்து நேரே எஸ்.எஸ்.பி.க்குக் கூப்பிடுகிற டெக்னிக்கல் என்ட்ரியும் உண்டு. என்.சி.சி. ‘சி’ சர்ட்டிபிகேட் வாங்கிய பட்டதாரிகளுக்குத் தனி வழி.

தோழிகளும் கவனிக்க வேண்டும். 2021ல் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டது. 2022ல் பெண்கள் என்.டி.ஏ.வில் சேர்ந்தார்கள். 2025 மே மாதம் அந்த முதல் அணியில் 17 பேர் பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். “பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு?” என்று யாராவது கேட்டால் இந்த 17 என்ற எண்ணைச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஐ.பி. என்கிற புலனாய்வுத் துறை ராணுவம் அல்ல, உள்துறை அமைச்சகத்தின் கீழ் இருப்பது. அதில் டெக்னிக்கல் பிரிவு இளநிலை அதிகாரி வேலைக்கு 2023லும் 2025லும் விளம்பரம் வந்தது. எலக்ட்ரானிக்ஸ், எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ், கம்ப்யூட்டர் டிப்ளமோவே அதற்குத் தகுதி! நம் நோட்டீஸ் போர்டில் அது வந்ததா? எனக்கு ஞாபகம் இல்லை.

மூன்றாவது தவறுதான் பெரிய தவறு. உளவு என்றால் பொய் சொல்லும் தொழில், ஆகவே சாமர்த்தியமாகப் பொய் சொல்லத் தெரிந்தவன்தான் அதற்கு லாயக்கு என்று நாம் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

போன வருடம் என்.டி.ஏ. எழுத்துத் தேர்வில் தப்பித் தவறித் தேறிவிட்டேன். எஸ்.எஸ்.பி.க்கு அழைப்பு வந்தது. முதல் முறை போகிறவர்களுக்கு ரயில் கட்டணம் தருகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் வீட்டில் சொன்னேன். அங்கே போனதும் நெஞ்சில் மாட்ட ஒரு நம்பரும், நிரப்ப ஒரு பாரமும் கொடுத்தார்கள். நம்மைப் பற்றிய எல்லா விவரமும் அதில் எழுத வேண்டும். பேர், ஊர், மார்க், விளையாட்டு என்று வேகமாக எழுதிக்கொண்டே வந்த என் பேனா ஒரு கட்டத்தில் நின்றுவிட்டது. தகப்பனார் படிப்பு, தொழில், வருமானம்.

என் அப்பா ரெண்டாம் வகுப்பு. ஆடு மேய்க்கிறார். ஊர் ஊராகப் போய் வயல்களில் கிடை போடுகிறவர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையன் கோச்சிங் போனவன். என் பாரத்தைப் பார்த்துவிட்டு, “அப்படியே எழுதாதடா, பேமிலி பேக்ரவுண்டு பார்ப்பாங்க” என்றான். நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நான் எழுதினேன்: படிப்பு பத்தாம் வகுப்பு, தொழில் விவசாயம்.

அன்றைக்கே ஸ்கிரீனிங். மங்கலான ஒரு படத்தைக் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு எடுத்துவிடுவார்கள். அதை வைத்து ஒரு கதை எழுத வேண்டும். பிறகு குழுவாக உட்கார்ந்து பேசி எல்லோருக்கும் பொதுவான ஒரு கதைக்கு வர வேண்டும். கதை எழுதிவிட்டேன். குழுவில் ஆங்கிலம் மழையாகக் கொட்டியது. நான் வாயே திறக்கவில்லை. சாயங்காலம் நம்பர்களை வாசித்தார்கள், என் நம்பர் இல்லை. இதில் யாரையும் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. வாய் திறக்காதவனை யார் எதை வைத்து எடை போடுவது?

வீட்டுக்கு வந்ததும் அப்பா தேர்வைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிட்டு முடித்த பிறகு, “பாரத்துல என்னயப் பத்திக் கேட்டாங்களாமே, என்னப்பா எழுதுன?” என்றார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். “உள்ளததான் எழுதினேன்” என்றேன். அது இரண்டாவது பொய்.

அதற்கப்புறம்தான் எஸ்.எஸ்.பி. பற்றி ஒழுங்காகப் படித்தேன். அங்கே நம்மை மூன்று பேர் பார்க்கிறார்கள். உளவியலாளர் நம் முகத்தைப் பார்க்காமலே நாம் எழுதியதை மட்டும் பார்க்கிறார். 60 வார்த்தைகள், ஒவ்வொன்றுக்கும் 15 வினாடி. 60 சூழ்நிலைகளுக்கு 30 நிமிடம். யோசித்துப் பொய் புனைய அதில் நேரமே இல்லை. இன்னொருவர் மைதானத்தில் கட்டை, கயிறு, டிரம் கொடுத்துக் குழு வேலை வாங்குகிறார். மூன்றாமவர் நேர்முகம் காண்கிறார். அவருடைய கேள்விகளே அந்தப் பாரத்திலிருந்துதான் பிறக்கின்றன. மூவரும் கடைசி நாள் கூடும் வரை ஒருவருக்கொருவர் கலந்து பேசுவதில்லை. மூன்றும் ஒத்துப் போகிறதா என்று கடைசியில்தான் பார்க்கிறார்கள்.

இது எங்கேயோ படித்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தால், நம் திருவள்ளுவர்! 59ஆம் அதிகாரம் ‘ஒற்றாடல்’. ஓர் ஒற்றனை இன்னோர் ஒற்றன் அறியாதபடி அனுப்ப வேண்டும், மூவர் சொல்வதும் ஒத்திருந்தால் நம்பலாம் என்கிறார். நம்மைத் தேர்ந்தெடுக்கும் முறையும் அதே முறை. மூன்று பக்கமிருந்து பார்க்கும்போது நிஜமான ஆள் ஒரே ஆளாகத் தெரிவான். ஜோடித்த ஆள் மூன்று ஆளாகத் தெரிவான். நான் முதல் நாளைத் தாண்டியிருந்தால், “உங்க அப்பா எத்தனை ஏக்கர்ல என்ன பயிர் வைக்கிறார்?” என்ற ஒரு கேள்வியிலே என் சாயம் வெளுத்திருக்கும்.

கார்கில் விஷயத்தைப் பாருங்கள். 1999 மே 3ஆம் தேதி, லடாக்கில் தாஷி நம்கியால் என்கிற மேய்ப்பர், காணாமல் போன தன் யாக் மாட்டைத் தேடி மலையேறினார். மேலே பனியை விலக்கிக்கொண்டு இருந்த அந்நியர்களைப் பார்த்தார். நேரே வந்து ராணுவத்திடம் சொன்னார். ஊடுருவல் பற்றி முதலில் தகவல் தந்தவர்களில் அவரும் ஒருவர். போர் முடிந்த பின், திருச்சியில் பிறந்த கே.சுப்ரமணியம் தலைமையில் அமைந்த குழு, நம் உளவு அமைப்புகளில் இருந்த ஓட்டைகளைச் சுட்டிக்காட்டியது. 2002ல் முப்படைக்கும் பொதுவான பாதுகாப்பு உளவு முகமை உருவானது. இத்தனை பெரிய அமைப்புகளின் கண்ணில் படாதது ஒரு மேய்ப்பர் கண்ணில் பட்டது. அவரிடம் இருந்தது இரண்டு விஷயம். மலையில் எது வழக்கம், எது வழக்கம் இல்லை என்று தெரிந்த கண். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்ன வாய்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இருட்டில் ஒரு ஆடு கனைத்தால் அது பசிக்கா பயத்துக்கா என்று என் அப்பா சொல்லிவிடுவார். ஈரத் தரையில் தடம் பார்த்து, நாய் எந்தப் பக்கம் போனது என்பார். உளவுக்கு வேண்டிய முதல் பாடம் என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. அதைத்தான் நான் அந்தக் கட்டத்திலிருந்து அழித்துவிட்டு ‘விவசாயம்’ என்று எழுதியிருக்கிறேன்!

என் கருத்து இதுதான். உளவு அதிகாரியின் வேலை, மேலதிகாரி கேட்க விரும்புவதைச் சொல்வது இல்லை, இருப்பதைச் சொல்வது. தனக்குச் சங்கடமான உண்மையை ஒரு பாரத்தில் எழுத முடியாதவன், ஒரு படைக்கே சங்கடமான உண்மையை நாளைக்கு எப்படி எழுதுவான்?

“நியாயமாப் பேசுறியே, இங்கிலீஷ் தெரியாதவனுக்கு எங்க நியாயம்?” என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். என்.டி.ஏ. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான் வருகிறது. தமிழ் மீடியம் பையன் இரண்டடி பின்னால் நின்றுதான் ஓட ஆரம்பிக்கிறான். இது மாற வேண்டும் என்று கேட்பது நம் உரிமை. ஆனால் மாறும் வரை உட்கார்ந்திருக்க நம் வயது உட்காராது. மேலும் எனக்கு இப்போது ஒன்று தெளிவாகப் புரிகிறது. வாய் திறக்காதது பழகினால் தீரும் குறை. பொய் எழுதியது பழகினால் வளரும் குறை.

ஆகவே நம் மாணவர் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். நோட்டீஸ் போர்டில் ஒரு பாதியை மத்திய அரசு, ராணுவ வேலை அறிவிப்புகளுக்கு ஒதுக்குங்கள். வாரம் ஒரு நாள், லேப் முடிந்ததும் ஒரு மணி நேரம், பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்து தப்பும் தவறுமாக ஆங்கிலத்தில் பேச இடம் கொடுங்கள். சிரிக்கிறவனுக்கு அங்கே அனுமதி இல்லை. அகாடமி வரை போன நம் ஊர்ப் பக்கத்து அதிகாரிகள் லீவில் வந்தால் ஒரு நாள் கூப்பிட்டுப் பேசச் சொல்லுங்கள். செலவு அதிகம் இல்லை, ஒரு டீச் செலவுதான்.

எனக்கு இன்னும் ஒரு முறை என்.டி.ஏ. எழுத வயது இருக்கிறது. விண்ணப்பித்துவிட்டேன். தேறுவேனா தெரியாது. போன வாரம் ஊருக்குப் போனபோது கிடையில் வைத்து அப்பாவிடம் நடந்ததைச் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “ரெண்டாங் கிளாஸ்னே எழுதுப்பா. அதுலயும் ஒண்ணு நான் பாஸ்” என்றார்.

அடுத்த முறை அந்தக் கட்டத்தில் என் பேனா நிற்காது. உங்கள் பேனாவும் நிற்க வேண்டாம், நண்பர்களே!