குழாயின் விலை

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் போய் வந்தவர்கள் ஆண்டாள் கோவில் கோபுரத்தைப் பற்றி எழுதுவார்கள். இல்லாவிட்டால் பால்கோவாவைப் பற்றி எழுதுவார்கள். இரண்டும் எழுதத் தகுந்த விஷயங்களே. ஆனால் நாம் அந்தப் பக்கம் போனபோது நமக்குப் பார்க்கக் கிடைத்தது ஒரு சாக்கடைக் குழாய். ஆகவே அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. பலகாரம் சாப்பிட்டுக்கொண்டே பத்திரிகை படிக்கும் வழக்கமுள்ள நேயர்கள், பலகாரத்தை முடித்துக்கொண்டு இந்தப் பக்கத்துக்கு வரும்படி கேட்டுக்கொள்கிறோம்.

மதுரையிலிருந்து கொல்லம் போகும் நெடுஞ்சாலையில், ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சற்று முன்னால் இருக்கிறது கிருஷ்ணன்கோவில். மேற்கே மலைத்தொடர் நீலமாகத் தெரியும். கலசலிங்கம் பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. நம் சிநேகிதர் ஒருவர், உபாத்தியாயராக இருந்து ஓய்வு பெற்றவர், இந்த ஊரில் சுமார் நாற்பது வருஷங்களுக்கு முன் ஒரு வீடு கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருந்து வருகிறார். சௌக்கியத்துக்கு ஒரே ஒரு குறை. ஆறு மாதமாக வீட்டில் ஒரு துர்நாற்றம். முதலில் பரணில் எலி செத்துக் கிடக்கிறது என்றார்கள். பரணைக் காலி செய்து பார்த்ததில் எலி இல்லை. காணாமற்போன ஒரு வெண்கல உருளிதான் அகப்பட்டது. பிறகு அடுத்த வீட்டு மாட்டுக் கொட்டகையின்மேல் பழி விழுந்தது. அந்த மனஸ்தாபம் தீர்வதற்குள் குளியலறையில் தண்ணீர் வடியாமல் நின்றுவிட்டது. அப்போதுதான் குற்றவாளி பூமிக்கு அடியில் இருப்பது தெரியவந்தது.

பட்டணத்தார் சாக்கடை என்றால் தெருவுக்கு அடியில் ஓடும் பெரிய குழாயை நினைப்பார்கள். சிநேகிதர் தெருவில் அப்படி ஒன்று கிடையாது. கொல்லைப்புறத்துக் கழிப்பறையிலிருந்து புறப்படும் குழாய், வீட்டின் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து, வாசல் தோட்டத்தில் இருக்கும் செப்டிக் டேங்கில் முடிகிறது. மொத்தம் நாற்பத்தைந்து அடி. வீடு கட்டிய காலத்தில் போட்டது பீங்கான் குழாய். பீங்கான் நல்ல சரக்குதான். மண்ணில் புதைந்து கிடந்தாலும் துருப் பிடிக்காது, அமிலம் அரிக்காது. மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் 2019-ஆம் வருஷத்து அகழாய்வில் ஒன்றோடொன்று பொருத்திய சுடுமண் குழாய்கள் அகப்பட்டன என்றால், சுட்ட மண்ணின் ஆயுசைப் பற்றி வேறு சாட்சி வேண்டியதில்லை. (அந்தக் குழாய்களுக்கு ஆன எஸ்டிமேட் மட்டும் அகப்படவில்லை. அகப்பட்டிருந்தால் சிநேகிதர் ஆவலோடு படித்திருப்பார்.)

கெட்டுப்போவது குழாய் அல்ல, மூட்டு. இரண்டடிக்கு ஒன்றாகச் சணலும் சிமெண்டும் வைத்து அடைத்த மூட்டுகள் நாளடைவில் வெடிக்கின்றன. மயிரிழை அளவு ஈரம் கசிந்தால் போதும், மரத்தின் வேர் எப்படியோ மோப்பம் பிடித்துக்கொண்டு வந்துவிடும். சந்தின் ஓரத்தில் சிநேகிதர் தம் கையாலேயே நட்டு வளர்த்த வேப்பமரம் ஒன்று நிற்கிறது. குழாயை உடைத்துப் பார்த்தபோது, உள்ளே நாரைத் திரித்து அடைத்த மாதிரி வேர்க்கொத்து. "பன்னிரண்டு வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த பையனே திருடனாக வந்து நின்றால் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். மரத்தை வெட்ட மனம் வரவில்லை. குழாயை மாற்றுவது என்று தீர்மானமாயிற்று.

முதலில் வந்த கொத்தனார் போட்டுக் கொடுத்த கணக்கைச் சிநேகிதர் நம்மிடம் நீட்டினார். நான்கு அங்குல பி.வி.சி. குழாய், வளைவு, ‘டி’, பசை எல்லாம் சேர்த்து ரூ. 7,000. கொத்தனாரும் இரண்டு சித்தாட்களும் நான்கு நாள் வேலை செய்ய ரூ. 10,400. செங்கல்லில் இரண்டு பார்வைத் தொட்டிகள் கட்ட ரூ. 7,000. உடைத்த தளத்தை மறுபடி போட்டு ஓடு பதிக்க ரூ. 7,500. இடிபாட்டை அள்ளிப்போக ரூ. 1,500. டேங்கைக் காலி செய்யக் கழிவுநீர் லாரிக்கு ரூ. 3,500. ஆக மொத்தம் ரூ. 36,900. குழாய் மாற்றும் செலவில் குழாயின் பங்கு ஐந்தில் ஒன்றுகூட இல்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். மிச்சமெல்லாம் உடைப்பதற்கும், உடைத்ததை மறுபடி ஒட்டுவதற்கும் ஆகிற செலவுதான். வீடு கட்டும்போதே குழாய்க்கு மேலே நல்ல தளம் போடாமல் வெறும் மண்ணையோ பலகைக்கல்லையோ விட்டுவைத்திருந்தால் பாதிப் பணம் மிச்சம். ஆனால் வீடு கட்டும்போது யார் சாக்கடையை நினைக்கிறார்கள்? வாசல் நிலைக்குத் தாமரைப்பூ செதுக்குவதைப் பற்றியல்லவா யோசிக்கிறார்கள்!

இந்தக் கணக்கில் குறைக்கக் கூடாதது எது என்று நம்மைக் கேட்டால், வாட்டம் பார்க்கிற வேலையைச் சொல்வோம். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதடிக்கு ஓர் அடி சரிவு என்பது பழைய விதி. நாற்பத்தைந்து அடிக்குப் பதின்மூன்றரை அங்குலம். இதற்குக் குறைந்தால் கழிவு போகிற வழியில் உட்கார்ந்துவிடும். ரசமட்டத்தை வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்க்கிற கொத்தனார் ஒரு நாள் கூடுதலாக எடுத்துக்கொண்டால் அந்தக் கூலியைச் சந்தோஷமாகக் கொடுக்கலாம். அதேபோல, குழாய் திரும்பும் இடத்தில் ஒரு பார்வைத் தொட்டி இருக்குமானால், அடுத்த முறை அடைப்பு வரும்போது மூடியைத் திறந்து கம்பியை விட்டுச் சரிசெய்துவிடலாம். கடப்பாரைக்கு வேலை இல்லை.

நிற்க. இரண்டாவதாக ஒரு காண்டிராக்டர் வந்து கணக்குக் கொடுத்தார். ரூ. 31,400. ஐயாயிரத்து ஐந்நூறு ரூபாய் குறைவு! ஓய்வூதியக்காரருக்கு இது சின்னத் தொகை அல்ல. சிநேகிதரின் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பார்வைத் தொட்டி இரண்டுக்குப் பதில் ஒன்று, அதில் ரூ. 3,500 போயிற்று. பாக்கி இரண்டாயிரம் எங்கே குறைந்தது? ‘லாரி ரூ. 3,500’ என்று இருந்த இடத்தில் ‘டேங்க் சுத்தம் ரூ. 1,500’ என்று எழுதியிருந்தது.

"அது எப்படி அண்ணாச்சி?" என்று சிநேகிதர் விசாரித்தார்.

"லாரி எதுக்கு சார்? மேல் தண்ணியை மோட்டார் போட்டு இறைச்சிடலாம். அடியிலே இறுகிக் கிடக்கிறதை ஒரு ஆளை இறக்கி வாரிடலாம். அப்படியே உள்ளே நின்னு புதுக் குழாயையும் சேர்த்துடுவான். அரை நாள் வேலை."

காப்பி கொண்டுவந்த சிநேகிதரின் மனைவி அப்படியே நின்றார். "அந்த ஆளுக்கு வீட்டிலே யார் யார் இருக்காங்க தம்பி?" என்று கேட்டார். காண்டிராக்டருக்குக் கேள்வி புரியவில்லை. "அதெல்லாம் பழக்கப்பட்ட ஆளுங்கம்மா" என்றார்.

பழக்கம் என்ற வார்த்தை நமக்கு அன்றைய தினம் முழுதும் காதில் ஒலித்துக்கொண்டிருந்தது. மூடிக் கிடக்கும் மலக்குழியில் ஹைட்ரஜன் ஸல்பைடு என்ற விஷவாயு சேருகிறது. காற்றைவிடக் கனமானபடியால் அது அடியிலேயே தங்கும். அழுகிய முட்டை நாற்றம் அதற்கு உண்டு. ஆனால் அளவு அதிகமானால் மூக்கு மரத்துப் போய் நாற்றமே தெரியாது. வாசனை போய்விட்டது, இனிப் பயமில்லை என்று நினைக்கிற அந்த இடத்தில்தான் யமன் உட்கார்ந்திருக்கிறான். சேற்றைக் கிளறும்போது தேங்கிய வாயு ஒரேயடியாக வெளிப்படுகிறது. உள்ளே விழுந்தவனைத் தூக்கப் போனவனும் விழுகிறான். அவனைத் தூக்கப் போனவனும் விழுகிறான். இதற்கெல்லாம் பழக்கம் என்ன செய்யும்? நுரையீரலுக்கு விஷம் பழகுமா?

இந்த வேலையை எந்த ஜாதியார் தலையில் நம் சமூகம் கட்டி வைத்தது என்பதை நேயர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. 1901-ல் கல்கத்தாக் காங்கிரஸுக்குப் போன காந்திஜி அங்கிருந்த கழிப்பிடங்களின் அலங்கோலத்தைத் தொண்டர்களிடம் காட்டியபோது, அது தோட்டியின் வேலை என்று அவர்கள் ஒதுங்கினார்கள். அவர் ஒரு துடைப்பத்தைக் கேட்டு வாங்கித் தாமே சுத்தம் செய்தார். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாம் துடைப்பத்தையும் எடுக்கவில்லை, ஒதுங்குவதையும் நிறுத்தவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 1993-ல் ஒன்று வந்தது. 2013-ல் அதைவிடக் கடுமையான ஒன்று வந்தது. தக்க பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் சாக்கடையிலோ செப்டிக் டேங்கிலோ யாரையும், நேராகவோ இன்னொருவர் மூலமாகவோ, இறக்கிச் சுத்தம் செய்ய வைக்கக் கூடாது என்று 2013-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. முதல் தடவை மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது நகராட்சிக்கு மட்டும் சொன்னதல்ல. வீட்டுக்காரருக்கும் சேர்த்துச் சொன்னது. காண்டிராக்டர் பாடு என்று கையை உதறிவிட முடியாது. இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் நிர்ணயித்தது. 2023 அக்டோபரில் அதை முப்பது லட்சமாக உயர்த்தியது. சிநேகிதர் கையிலிருந்த காகிதத்தில் அந்த உயிர் இரண்டாயிரம் ரூபாய் லாபமாகப் பதிவாகியிருந்தது.

"பட்டணத்தைப் போலப் பாதாளச் சாக்கடை வந்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இராது" என்று சிநேகிதர் பெருமூச்சு விட்டார். பக்கத்து ராஜபாளையத்தில் அம்ருத் திட்டத்தின் கீழ்ப் பாதாளச் சாக்கடை வேலை எடுத்துக்கொள்ளப்பட்டது அவருக்குத் தெரியும். பெரிய ஊர்களுக்கு அது அவசியமே. ஆனால் பாதாளச் சாக்கடையிலும் ஆள் இறங்கும் துவாரம் உண்டு. அங்கேயும் மனிதர்கள் மாண்டிருக்கிறார்கள். கேரளத்தில் 2018-ல் அந்தத் துவாரத்தில் இறக்குவதற்கென்றே ‘பாண்டிகூட்’ என்ற இயந்திர மனிதனைச் சில இளைஞர்கள் செய்து காட்டினார்கள். செலவு விஷயத்திலும் முழு விடுதலை கிடையாது. அமெரிக்காவில் பல ஊர்களில் வீட்டிலிருந்து தெருக்குழாய் வரையில் உள்ள பகுதி கெட்டுப்போனால் வீட்டுக்காரர்தான் பல ஆயிரம் டாலரை எண்ணி வைக்க வேண்டும். இங்கிலாந்தில் 2011 அக்டோபரில்தான், பல வீடுகளுக்குப் பொதுவாக ஓடும் தனியார் குழாய்களைத் தண்ணீர்க் கம்பெனிகளின் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். 1858-ல் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் பார்லிமெண்டின் ஜன்னல் திரைகளை மருந்து கலந்த சுண்ணாம்பில் நனைத்துத் தொங்கவிட்ட தேசம் அது! பிரபுக்களின் மூக்குக்கு எட்டிய பிறகுதான் லண்டனுக்குப் பெரிய சாக்கடை கிடைத்தது.

கிருஷ்ணன்கோவிலில் தீர்ப்புச் சொன்னது சிநேகிதரின் மனைவி. முதல் காகிதத்தை எடுத்துக் கணவர் கையில் கொடுத்துவிட்டு, இரண்டாவதைக் காப்பி டம்ளருக்கு அடியில் வைத்துவிட்டார். டம்ளரை எடுத்தபோது அதில் வட்டமாகக் கறை படிந்திருந்தது.

வேலை ஐந்து நாள் நடந்தது. லாரி வந்து, தடித்த ரப்பர்க் குழாயை டேங்குக்குள் விட்டு, இறுகிய சேற்றைத் தண்ணீரைப் பீய்ச்சிக் கரைத்து உறிஞ்சிக்கொண்டு போயிற்று. மேல்பலகை ஒன்றை அகற்றி, கொத்தனார் தரையிலிருந்தபடியே புதுக் குழாயைச் சேர்த்தார். டேங்குக்குள் யாரும் கால் வைக்கவில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை லாரியைக் கூப்பிட்டுக் காலி செய்துவந்தால் சேறு இப்படிக் கல்லாக இறுகாது என்று லாரிக்காரர் சொல்லிவிட்டுப் போனார். அந்தத் தேதியைச் சிநேகிதர் நாட்குறிப்பில் எழுதி வைத்துக்கொண்டார்.

கடைசியில் கணக்கு முடித்தபோது ரூ. 38,200 ஆகியிருந்தது. இரண்டாம் நாள் ஒரு சித்தாளின் கடப்பாரை, யாருக்கும் ஞாபகமில்லாத பழைய குடிதண்ணீர்க் குழாய் ஒன்றின்மேல் இறங்கிவிட்டதாம். அந்த ஆயிரத்து முந்நூறு ரூபாயைப் பற்றித்தான் சிநேகிதர் இன்னமும் முணுமுணுத்துக்கொண்டிருக்கிறார்.