அரை டிக்கெட்டுக்கு முழு ஸீட்

ஜவ்வாது மலை என்றால் சிலருக்குத் தேன், சாமை. சிலருக்கு ஜவ்வாதுப் பொடி. எனக்குக் காவலூர். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போனால், 725 மீட்டர் உயரத்தில் 2.34 மீட்டர் தொலைநோக்கி உட்கார்ந்திருக்கிறது. 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தி வந்து திறந்து வைத்தார். அதற்காகப் பாடுபட்ட வைணு பாப்பு பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை; 1982-லேயே போய்விட்டார். பெயர் மட்டும் தொலைநோக்கிக்கு.

இந்த மாதிரி இடங்களில் எடுக்கும் நட்சத்திரப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூர்மையான புள்ளியெல்லாம் கிடையாது. காற்று ஆடுவதால் வெளிச்சம் பல பிக்ஸல்களில் சிந்தி, மசமசவென்று ஒரு திட்டு. 'ஃபோகஸ் சரியில்லையோ' என்பீர்கள். விஞ்ஞானிக்கோ சந்தோஷம். எந்தப் பிக்ஸலில் எவ்வளவு வெளிச்சம் என்று கூட்டிச் சராசரி எடுத்தால், நட்சத்திரத்தின் மையம் ஒரு பிக்ஸலில் பத்தில் ஒரு பங்கு வரை தெரிந்துவிடும். மொத்த வெளிச்சமும் ஒரே பிக்ஸலில் விழுந்திருந்தால், அந்தக் கட்டத்துக்குள் எந்த மூலையில் என்று பிரம்மாவாலும் சொல்ல முடியாது.

உங்கள் செல்போன் திரையை வடிவமைக்கிற பையனுக்கு இதுவே தலைவலி. பிக்ஸல் என்பது பஸ் ஸீட் மாதிரி. டிக்கெட் அரையாக இருக்கலாம், ஸீட் அரையாகாது. ஒரு பிக்ஸல் தடிமனுள்ள கறுப்புக் கோட்டை பத்தரையாவது இடத்தில் போடு என்றால், பக்கத்துப் பக்கத்து இரண்டு பிக்ஸலுக்கும் பாதிப் பாதி கறுப்பு. கறுப்புக் கோடு கேட்டவருக்குச் சாம்பல் பட்டை. அதனால் புரோகிராம் கோட்டைப் பிடித்து, அருகிலிருக்கிற முழு எண்ணுக்கு இழுத்து உட்கார வைக்கிறது. இதற்குப் பெயர்தான் பிக்ஸல் ஸ்நாப்பிங்.

இழுத்தால் வம்பு வரும். 1000 பிக்ஸல் அகலத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள். தலைக்கு 333.33. முழுசாக்கினால் 333. மூன்றையும் கூட்டினால் 999! மிச்சமான ஒரு பிக்ஸலில் பின்னாலிருக்கும் சிவப்பு, கோடாக எட்டிப் பார்க்கும். 'என்ன ஸார், பேஜ் கிழிஞ்சிருக்கு?' என்று கஸ்டமர் போன் செய்வார். சரி, தாராளமாக 334 கொடுப்போம் என்றால் 1002. இடம் பத்தாமல் மூன்றாவது பத்தி தடாலென்று கீழே விழும்.

மருந்து, பாகப்பிரிவினையில் இருக்கிறது. ஒவ்வொரு தம்பியின் துண்டையும் தனித்தனியாக அளந்தால் கடைசித் தம்பி தலையில்தான் குறை விழும். வரப்பு எங்கே என்று ஒரே முனையிலிருந்து அளந்து கல் நடுங்கள்: 0, 333, 667, 1000. நடுவிலுள்ளவனுக்கு ஒரு பிக்ஸல் கூடுதல், போகட்டும். சந்து கிடையாது. அதாவது, பின்னத்தைக் கடைசிவரை கையில் வைத்திரு, அகலத்தை முழுசாக்காதே, ஓரத்தை முழுசாக்கு.

பின்னத்தை வைத்துக்கொள்வதிலும் இரண்டு கட்சி. ஃபயர்பாக்ஸ் ஒரு பிக்ஸலை 60 துண்டாக்குகிறது. க்ரோமும் சஃபாரியும் 64. கம்ப்யூட்டருக்கு 64 சுலபம், இரண்டின் அடுக்காச்சே. ஆனால் 64-ஐ மூன்றால் வகுக்க முடியாது, 60-ஐ முடியும். நாளை 60 நாழிகையாக்கின நம் ஆட்கள் ஃபயர்பாக்ஸ் கட்சி. அதே ஆட்கள் கணக்குப்பிள்ளை வேலைக்கு வைத்திருந்த முந்திரி 320-ல் ஒன்று. அதுவும் மூன்றுக்கு மசியாது!

ஒரு பிக்ஸல்தானே என்று சிரிக்கலாம். கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982-ல் 1000 புள்ளியில் ஒரு குறியீட்டெண் ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை கணக்கிடும்போதும் மூன்று தசமத்துக்கு மேல் வெட்டிப் போட்டார்கள். முழுசாக்கவில்லை, வெட்டினார்கள், தவறு எப்போதும் ஒரே பக்கம். 1983 நவம்பரில் எண் சுமார் 525. திருத்திப் பார்த்தால் 1098-க்கும் மேல்! சந்தை ஏறிக்கொண்டிருந்தபோது, பாதியாகிவிட்டதாகப் போர்டு சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

உங்கள் ஆபீஸ் எக்ஸெலிலும் இந்தப் பூச்சி உண்டு. 100 ரூபாயை மூன்றால் வகுத்து, இரண்டு தசமம் மட்டும் காட்டச் சொல்லுங்கள். மூன்று 33.33, கீழே கூட்டல் 100.00. ஆடிட்டர் கால்குலேட்டரில் தட்டினால் 99.99. பைசாவை மேஜைக்கடியில் தேடாதீர்கள். திரையில் தெரிவது வேறு, உள்ளே இருப்பது வேறு. ரவுண்ட் ஃபார்முலா போட்டு மூன்றாவது ஆளுக்கு 33.34 எழுதுங்கள். அந்த மூன்றாவது ஆள் யார் என்பதை மட்டும் மானேஜரிடம் கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.