பெயர்ப் பலகையைச் சாப்பிட முடியுமா?

வெளியூர் போனால் நம்மவர்களுக்கு ஓர் ஆசை. கோவிலைப் பார்க்க வேண்டும். கடைத்தெருவைப் பார்க்க வேண்டும். அதோடு, அந்த ஊரில் பேர்போன ஓட்டல் எதுவோ அதில் ஒருவேளையாவது கை நனைக்க வேண்டும்!

இந்த ஆசைக்கு இப்போது டி.வி.யும் செல்போனும் தூபம் போடுகின்றன. டி.வி. சமையல் போட்டியில் நீதிபதியாக உட்கார்ந்து, தட்டைத் தள்ளிவிட்டு, ஆளை அழவைக்கிறாரே, அவர் இன்று சினிமா நட்சத்திரத்துக்குச் சமம். அவர் ஓட்டலில் சாப்பிட்டேன் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு தனிப் பெருமை.

என் வீட்டிலும் அந்த ஆசை புகுந்தது. கோடை விடுமுறையில் சிங்கப்பூர் போனோம். நான், மனைவி, மகன், மகள், எழுபதைத் தாண்டிய என் தாயார், ஆக 5 பேர். இரண்டு வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

"அப்பா, டி.வி.ல வர்றாரே அந்த செஃப், அவரு ஓட்டல் இங்க இருக்கு. ஒரே ஒரு நாள்ப்பா!" என்றான் மகன். பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்ல எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? போனோம்.

எந்த ஓட்டல் என்று கேட்காதீர்கள். அவர்கள் மேல் குற்றம் சொல்ல நான் வரவில்லை. மரியாதையாகத்தான் உட்கார வைத்தார்கள். சுத்தமும் குறைவில்லை. தப்பு யார் பேரில் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மாஸ்டர் எங்கே?

சாப்பாடு வருவதற்குள் மகன் சர்வரிடம் கேட்டுவிட்டான், செஃபைப் பார்க்கலாமா என்று. சர்வர் சிரித்தார். அவர் வேறு நாட்டில் இருக்கிறாராம். எப்போதாவது வருவாராம். சுவரில் மாட்டியிருந்த படத்தின் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டான் பையன். அவ்வளவுதான் தரிசனம்!

என் தாயார் சைவம். மெனு கார்டில் அவருக்கென்று தேறியது ஒரு தட்டு பச்சைக் காய்கறியும், வறுத்த உருளைக்கிழங்கும்தான். "எனக்குப் பசியே இல்லடா" என்றார். ஒரு ரொட்டித் துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். ஐம்பது வருஷம் பத்துப் பேருக்கு வடித்துக் கொட்டிய கை. அன்று பெரிய சமையல்காரர் ஓட்டலில் பட்டினி!

பிறகு பில் வந்தது.

விலைக்குப் பக்கத்தில் சின்னதாக இரண்டு கூட்டல் குறி போட்டிருந்தார்கள். நான் அலங்காரம் என்று நினைத்தேன். முதல் கூட்டல் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். இரண்டாவது கூட்டல் ஜி.எஸ்.டி. வரி. அங்கே 2024 ஜனவரி முதல் அது 9 சதவீதம். அதுவும் சர்வீஸ் சார்ஜையும் சேர்த்த தொகையின் மீது!

கணக்குப் பாருங்கள். 400 வெள்ளிக்குச் சாப்பிட்டால் சர்வீஸ் சார்ஜ் 40 வெள்ளி. ஆக 440. அதன் மேல் வரி 39 வெள்ளி 60 காசு. மொத்தம் 479 வெள்ளி 60 காசு. ஒரு வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேல். கிட்டத்தட்ட அந்தத் தொகைதான் எங்கள் பில்லும். 5 பேர் ராச்சாப்பாடு 30,000 ரூபாய்ச் சமாச்சாரம்!

மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடத் தேவலை.

பெயர் வேறு, கை வேறு

நம் ஊரில் கல்யாணம் பேசும்போது என்ன செய்கிறோம்? இலைக்கு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே சமையல்காரரை மடக்குகிறோம். "நீங்க நேர்ல வருவீங்களா, இல்ல ஆளை அனுப்பிடுவீங்களா?" என்று கேட்கிறோம். வழக்கமாகப் போகும் ஓட்டலில் சரக்கு மாஸ்டர் மாறினால் மறுநாள் சாம்பாரிலேயே கண்டுபிடித்துவிடுகிறோம். இவ்வளவு கெட்டிக்காரர்களான நாம் விமானம் ஏறியதும் அந்தக் கேள்வியை மறந்துவிடுகிறோமே, ஏன்?

ஒருவர் பெயரில் 20 ஓட்டல் இருந்தால் 20 அடுப்பிலும் அவர் நிற்க முடியாது. அவர் பக்குவத்தைச் சொல்லிக்கொடுக்கிறார், ஆட்களைப் பழக்குகிறார். அதுவும் உழைப்புதான், மறுக்கவில்லை. "நம்ம ஊர்ல கிளை ஓட்டலுக்கு முதலாளியா வந்து தோசை சுடறாரு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அங்கே நாம் தோசைக்கு மட்டும்தான் காசு கொடுக்கிறோம். முதலாளி முகத்துக்குத் தனியாகக் கொடுப்பதில்லையே!

பெயர் இருந்தால் கடை ஓடிவிடும் என்பதும் பொய். இங்கிலாந்தில் ஜேமி ஆலிவர் என்று உலகப் புகழ் பெற்ற டி.வி. சமையல்காரர். 2008ல் ஆக்ஸ்போர்டு நகரில் ஓர் இத்தாலிய ஓட்டல் திறந்தார். கிளைகள் பெருகின. 2019 மே மாதம் அவரது ஓட்டல் நிறுவனம் அங்கே நொடித்தது. 25 ஓட்டல்களில் 22 மூடப்பட்டன. சுமார் 1,000 பேருக்கு வேலை போயிற்று. அடுப்படியில் நின்ற அந்தக் கைகளின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. தெருவுக்கு வந்தவர்கள் மட்டும் அவர்கள்தான்.

2 வெள்ளிக்கு நட்சத்திரம்

அதே சிங்கப்பூரில் இன்னொரு கதையும் உண்டு. மிச்செலின் என்பது பிரான்ஸ் நாட்டு டயர் கம்பெனி. கார் ஓட்டுகிறவர்களுக்காக 1900ல் ஒரு வழிகாட்டிப் புத்தகம் போட்டது. 1926 முதல் நல்ல ஓட்டல்களுக்கு நட்சத்திரம் கொடுத்து வருகிறது. சிங்கப்பூருக்கென்று முதல் புத்தகம் 2016ல் வந்தது. அதில் பெரிய ஓட்டல்களோடு சாதாரண உணவங்காடிக் கடைகள் இரண்டுக்கும் நட்சத்திரம்!

ஒன்று, சைனாடவுனில் சான் ஹோன் மெங் என்பவரின் கடை. மலேசியாவிலிருந்து வந்த மனிதர். கோழியும் சோறும் விற்றார். ஒரு தட்டு 2 வெள்ளி. ஆர்டர் எடுத்து, கோழியை வெட்டி, தட்டில் வைத்தது எல்லாம் அந்தச் சின்னக் கடைக்குள்ளேயே. உலகிலேயே மலிவான நட்சத்திரச் சாப்பாடு என்று பத்திரிகைகள் எழுதின. பிறகு அவர் பெயரிலும் பலகைகள் ஏறின. வெளிநாடுகளில்கூடக் கிளைகள் வந்தன. 2021ல் நட்சத்திரம் போயிற்று. இரண்டுக்கும் முடிச்சுப் போட நான் வரவில்லை. நட்சத்திரமும் நிரந்தரமில்லை, அவ்வளவுதான்.

தெருவோரக் கடைக்காரர்களைத் தண்ணீர் வசதி, சாக்கடை வசதியோடு ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்ததுதான் இந்த உணவங்காடி ஏற்பாடு. 2020 டிசம்பரில் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலில் சேர்த்தது. சர்வீஸ் சார்ஜ் கிடையாது. சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 முதல் அது சட்டம்.

மறுநாள் காலை தேக்கா உணவங்காடிக்குப் போனோம். லிட்டில் இந்தியா ரயில் நிலையத்துக்குப் பக்கம். சிங்கப்பூரில் தமிழும் ஆட்சிமொழி என்பதால் அங்கே பாஷைக்குத் திண்டாட்டம் இல்லை. ஒரு சைவக் கடையில் தோசைக் கல்லுக்குப் பின்னால் நின்ற பெண்மணி என் தாயாரைப் பார்த்தார். "அம்மா, பெரியவங்களா இருக்கீங்க, சட்னில காரம் ஜாஸ்தி. சாம்பார் மட்டும் ஊத்தட்டுமா?" என்றார்.

என் தாயார் 3 தோசை சாப்பிட்டார். முந்தின நாள் பசியே இல்லை என்றவர்!

யார் பேரில் தப்பு?

தப்பு என் பேரில்தான். யாரோ ஒருவர் பெயரைப் பார்த்து உள்ளே போனேனே தவிர, உடன் வந்த ஐந்து வயிற்றை நினைத்துப் போகவில்லை.

போகாதீர்கள் என்று சொல்லவில்லை. பிள்ளைகள் ஆசைப்பட்டால் போங்கள். வாசலிலேயே மெனு கார்டைக் கேளுங்கள். விலைக்குப் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் 100 வெள்ளியை 120 வெள்ளி என்றே கணக்குப் போடுங்கள். கூட வந்த பெரியவர்களுக்குச் சாப்பிட என்ன இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால் அவர்களுக்கு முன்னாடியே வேறு இடத்தில் வயிறாரச் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஊர் திரும்பியதும் பக்கத்து வீட்டுக்காரர் என் தாயாரிடம் கேட்டார், "சிங்கப்பூர்ல எங்க சாப்பாடு நல்லா இருந்தது?" என்று.

"தேக்காவுல ஒரு பொண்ணு தோசை ஊத்துச்சு பாருங்க..." என்று ஆரம்பித்தார். பெரிய ஓட்டலைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. என்னைக் காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை போலும்.