மணற்காட்டுக்கு மட்டும் உரியதா சூரிய மின்சாரம்?

சூரிய மின்சாரம் ராஜஸ்தானத்து மணற்காட்டுக்குச் சரி, வருஷத்தில் மூன்று மாதம் மேகம் கவிந்து கிடக்கும் நம் ஊரில் அதை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது என்னும் அபிப்பிராயம், பூந்தமல்லியில் மொட்டை மாடி உள்ள எவரிடம் பேச்சுக் கொடுத்தாலும் சித்தாந்தத்துக்குரிய உறுதியோடு வெளிப்படுகிறது. அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிலைக்காது என்பதே என் துணிபு.

அங்கே வெயில் கொளுத்துகிறது என்பது முதற்காரணம். பேனலிலிருந்து மின்சாரத்தைப் பிறப்பிப்பது வெளிச்சமேயன்றி உஷ்ணம் அன்று. இருபத்தைந்து டிகிரிக்கு மேல் அது சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் சக்தி குறைகிறபடியால், சித்திரை மாதத்து நண்பகலில் 60 டிகிரிக்குக் காய்ந்து கிடக்கும் பேனல், தன்மேல் அச்சிட்ட அளவில் ஏழில் ஒரு பங்கை இழந்தே நிற்கிறது. அந்த நஷ்டம் மணற்காட்டிலும் உண்டு. புழுதியும் அப்படியே: அங்கே மணற்புயல், இங்கே பெங்களூர் நெடுஞ்சாலை லாரிகள். விடியற்காலையில், கண்ணாடி சூடேறுமுன், ஈரத்துணியால் எங்கள் பேனலைத் துடைத்துப் பிழிந்தால் வாளித் தண்ணீர் டீயின் நிறத்துக்கு வந்துவிடுகிறது.

அப்படியானால் மணற்காட்டு ஜனங்கள் எதைக்கொண்டு சமாளித்தார்கள்? சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவும் அவர் குழுவினரும் வகுத்த நேர்மின்சார ஏற்பாடு, ஜோத்பூர், ஜெய்சல்மேர் மாவட்டங்களில், மின்கம்பியே எட்டாத சுமார் 4,000 வீடுகளுக்குச் சென்றது. வீட்டுக்கு ஒரு 125 வாட் பேனல். பழைய மின்விசிறி ஒன்றும் குழல்விளக்கு ஒன்றும் சேர்ந்து இழுக்கும் அளவுதான் அது. 75 வாட் விசிறியின் இடத்தில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறியையும், குழல்விளக்கின் இடத்தில் எல்.இ.டி.யையும் வைத்து, பேனல் தரும் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி வீணடிக்காமல் அப்படியே செலவிட்டதனால், அந்தச் சொற்ப அளவிலேயே அவர்கள் வீட்டில் விளக்கெரிந்தது, விசிறி சுழன்றது. அந்த யுக்தி பிறந்தது நம் சென்னையில் என்பதை நம்மவர் மறந்துபோவதுதான் எனக்கு வருத்தம்.

மேகம் என்ற ஆக்ஷேபம் கனமானது. 1 கிலோவாட் பேனல், வருஷ சராசரியில், நாளொன்றுக்கு நான்கு யூனிட் தரும். அடைமழை நாளில் அது ஒரு யூனிட்டாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. ஆனால் 2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் கரை கடந்து, மரங்களோடு மின்கம்பங்களும் சாய்ந்து, எங்கள் தெரு நாட்கணக்கில் இருண்டு கிடந்தபோது, கயிறிட்டுக் கட்டிவைத்திருந்த இரண்டு பேனல்களும் 150 ஏ.எச். பேட்டரி ஒன்றுமே எங்களுக்குத் துணை. பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கக் கூடாதென்று வைத்துக்கொண்டால் கையில் 900 வாட்-மணி. இரண்டு விசிறி எட்டு மணி நேரம் ஓட 480, நான்கு ஒன்பது வாட் விளக்கு ஐந்து மணி நேரம் எரிய 180. மீதி, அக்கம்பக்கத்தார் கைபேசிகளுக்கு. பின்வீட்டுப் பாட்டி, "எம் பொண்ணு ஊர்லேர்ந்து கூப்புடும், கொஞ்சம் சார்ஜ் போட்டுக் குடு தம்பி" என்று போனை நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. மேகம் மூடிய நாளில் ஒரு விசிறியை நிறுத்தினோம், அவ்வளவே.

கரண்ட் போனால் சோலாரும் நின்றுவிடுகிறதே, இது ஏமாற்று என்பாரும் உண்டு. மின்வாரியக் கம்பியோடு இணைத்த அமைப்பு அப்படித்தான் நிற்கவேண்டும். இல்லையேல் கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர் உயிருக்கு ஆபத்து. நிற்கக் கூடாதென்பவர், பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வாங்க வேண்டும். அதற்குச் செலவு கூடும் என்பதை நான் மறைக்கவில்லை.

எஞ்சியிருப்பது மோட்டார், கிரைண்டர் முதலியவை. இரவு முழுவதும் ஏ.சி. ஓடவேண்டும் என்பவருக்கு, சிறிய பேட்டரியை நம்பாதீர்கள் என்பதே என் பதில். ஆனால் 2024-இல் தொடங்கிய பிரதம மந்திரி சூர்ய கர் திட்டத்தின் 78,000 ரூபாய் மானியத்தோடு 3 கிலோவாட் போட்டவர், இருட்டிய பிறகு மாவரைக்கவும் தண்ணீர் ஏற்றவும் ஏன் காத்திருக்க வேண்டும்? பகல் பதினொரு மணிக்கு ஒரு குதிரைசக்தி மோட்டாரைப் போட்டால், வெயில் சாய்வதற்கு வெகு முன்பே மேல்தொட்டி நிரம்பிவிடும். இரவெல்லாம் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அதற்குப் பேட்டரி வேண்டியதில்லை.