அரசாங்க வக்கீலுக்கு எது பெருமை?

கம்மாபுரம் போலீஸ் நிலையத்தில் 1993-ம் ஆண்டு ராஜாக்கண்ணு என்ற ஏழைத் தொழிலாளி அடித்துக் கொல்லப்பட்டார். "தப்பி ஓடிவிட்டார்" என்று போலீசார் சாதித்தனர். அவருடைய மனைவி பார்வதி நீதி கேட்டார். ஐகோர்ட்டில் வக்கீல் சந்துரு வாதாடினார். 2021-ல் வந்த 'ஜெய் பீம்' படத்தால் இது ஊரறிந்த கதை.

கொலை வழக்கை நடத்த வேண்டியவர் அரசாங்க வக்கீல். கூண்டில் நின்றவர்களோ அரசாங்கத்தின் போலீசார்! 2006-ல் அவர்கள் குற்றவாளிகளே என்று ஐகோர்ட்டு கூறியது.

அரசாங்க வக்கீல் நீதிக்குக் கட்டுப்பட்டவர். குற்றவாளி தப்பக் கூடாது. நிரபராதி சிக்கவும் கூடாது. சிறைக்குப் போனவர்களை எண்ணி அவருக்குப் பரிசு தரலாமா?

சாட்சி சொல்ல வரும் ஏழை அவரை நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையைச் சம்பாதித்தவருக்கே மாலை போடுங்கள்!